வீட்டில் பதிவு செய்ய நல்ல கேசட் டெக்: எதைப் பார்த்து வாங்குவது? (வேலூர், காட்பாடி, ஆரணி வட்டாரம்)

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் வணக்கம். தொரப்பாடியில் இருக்கிறேன். என் தாய்மாமா போளூர்ப் பக்கம் ஒரு கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வாத்தியார். ஆர்மோனியமும் வாசிப்பார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பாரதக் கூத்துப் பாட்டுகளை அவர் நிதானமாக உட்கார்ந்து பாட, வீட்டிலேயே நன்றாகப் பதிவு செய்து வைக்க ஆசை. ஜமா ஆட்கள், சொந்தக்காரர்கள் பலர் வீட்டில் இன்னும் டேப் ரெக்கார்டர்தான் ஓடுகிறது. அதனால் அவர்களுக்குக் கேசட்டாகவே கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள். 1980களில் திருவிழாக்களில் ஒரு மோனோ டேப் ரெக்கார்டரை மேடை ஓரம் வைத்துப் பிடித்தவை. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும்.

முப்பதாயிரம் வரை செலவழிக்கலாம். இப்போது கண்ணில் பட்டவை மூன்று. ஒன்று, சென்னையில் ஒருவரிடம் இருக்கும் ஜப்பான் சோனி, டிசி-கே222இஎஸ்ஜி, மூன்று ஹெட். இரண்டு, ஆம்பூரில் ஒரு வீட்டில் இருக்கும் ஆட்டோ ரிவர்ஸ் டபுள் டெக், சவுதியிலிருந்து வந்தது. மூன்று, இன்றைக்குப் புதிதாக விற்கும் யூஎஸ்பி வைத்த டபுள் டெக். எதை எடுக்கலாம்?

காட்பாடி_ஜங்ஷன்

தம்பி, பதிவுதான் முக்கியம் என்றால் மூன்று ஹெட் பக்கம் போங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஹெட் என்பது டேப்பைத் தொட்டு வேலை செய்யும் காந்த முனை. இரண்டு ஹெட் டெக்கில் அழிக்க ஒன்று, பதிவுக்கும் கேட்பதற்கும் பொதுவாக இன்னொன்று. மூன்று ஹெட்டில் பதிவுக்குத் தனி, கேட்கத் தனி. பதிவு ஹெட்டின் இடைவெளி சற்று அகலமாக இருந்தால் நல்லது, கேட்கும் ஹெட்டின் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால்தான் உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும். ஒரே ஹெட் இரண்டையும் செய்தால் ஏதோ ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய லாபம் என்னவென்றால், பதிவாகிக்கொண்டிருக்கும்போதே டேப்பில் என்ன விழுந்தது என்று உடனே கேட்கலாம். மானிட்டர் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினால் மூலமும் டேப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் மாமாவை மறுபடி பாடச் சொல்ல முடியாத வயதில் இது சாதாரண வசதி இல்லை.

அடுத்தது பயஸ். பதிவின்போது டெக் நம் காதுக்குக் கேட்காத, 100 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் உள்ள ஓர் அலையைச் சேர்த்து டேப்பில் ஏற்றும். அது குறைந்தால் ஒலி கூர்மையாகி, இரைந்து உடையும். கூடினால் மந்தமாகும். ஒவ்வொரு கம்பெனி டேப்புக்கும் இந்த அளவு கொஞ்சம் வேறுபடும். பயஸைத் திருகி வைக்கும் குமிழ் உள்ள டெக் கையில் இருந்தால் எந்த டேப்பையும் வசப்படுத்தலாம். எஃப்எம்மில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வரும் 'ஸ்ஸ்' சத்தத்தை மீட்டரில் மைனஸ் 20 அளவில் பதிவு செய்து மூலம், டேப் இரண்டையும் மாற்றிக் கேளுங்கள். ஒன்றுபோலக் கேட்கும் இடம்தான் சரியான இடம். சத்தத்தைக் கூட்டி வைத்து இதைச் செய்யாதீர்கள். உயர்ந்த ஒலிகளில் டேப் சீக்கிரம் நிரம்பிவிடும், தப்பான இடத்தில் குமிழை நிறுத்துவீர்கள்.

மெட்டல் டேப் என்கிற உயர்ரக டேப்பில் பதிவாகுமா என்று யோசித்துக் காசைக் கொட்டாதீர்கள். மெட்டல் டேப்பை இப்போது யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. கைக்கு வருவது பெரும்பாலும் டைப் 1 என்கிற சாதாரண டேப். அதில் நன்றாகப் பதியும் டெக்தான் நமக்கு வேண்டும்.

சத்துவாச்சாரி_சாலை

இந்த வேலைக்குக் கேசட் டெக்கே தேவையில்லை என்பது என் எண்ணம். கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி மாமா முன்னால் வைத்தால் இரைச்சல் கிடையாது, சுருதி அலையாது, எத்தனை நகல் எடுத்தாலும் தேயாது. கேசட்டில் சாதாரண டேப்பில் டால்பி என்கிற இரைச்சல் குறைப்பு வசதி இல்லாமல் அடிநாதமாக ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எழுபது வயதுக்காரரின் குரலை மூல வடிவத்திலேயே ஏன் அந்த இரைச்சலோடு வைக்க வேண்டும்?

பாலாற்றங்கரை

நியாயமான கேள்வி சார். மூலத்தை டிஜிட்டலிலும் ஓடவிடத்தான் போகிறேன். ஆனால் ஊரில் கேட்பவர்களுக்கு நான் பென் டிரைவ் கொடுத்தால் அது பேரன் பையிலேயே போய்விடும். கேசட் கொடுத்தால் திண்ணையில் ஓடும். கேட்பவர்களிடம் போய்ச் சேராத பதிவு எனக்கு முழுப் பதிவாகத் தெரியவில்லை. ஆகவே டெக் வேண்டும், அதுவும் நல்ல டெக்.

ஆரணி_ரெக்கார்டிங்

தம்பி, ஆரணியில் பல வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். துண்டுச்சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள், இரண்டு நாளில் பதிந்து கொடுப்போம். கூத்துக் கேசட்டும் நிறையக் கையில் பட்டிருக்கிறது. அந்த அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் கேட்பது இரண்டு வேலை. இரண்டையும் ஒரே மெஷினில் செய்யாதீர்கள்.

ஏன் என்றால் ஹெட் சாய்வு. ஹெட்டின் இடைவெளி டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். திருவிழாவில் பிடித்த அந்த மோனோ செட்டின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ யாருக்குத் தெரியும்? நல்ல டெக்கில் போட்டால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக இருக்கும். ஹெட் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால் தாளச்சத்தம் பளிச்சென்று வெளியே வரும். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டும். சில சமயம் பக்கத்துக்குப் பக்கம்கூட.

இப்போது யோசியுங்கள். மூன்று ஹெட் டெக் பலவற்றில் பதிவு ஹெட்டும் கேட்கும் ஹெட்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். ஸ்க்ரூவைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து சாயும். அதன்பின் புதிதாகப் பதியும் கேசட்டெல்லாம் கோணலாகத்தான் பதியும். உங்கள் டெக்கில் நன்றாகக் கேட்கும், மற்ற எல்லார் வீட்டிலும் மந்தமாகும். பதிவு மெஷினின் ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது. பழைய கேசட் ஓட்டுவதற்கென்று உயிரோடு இருக்கும் ஒரு சாதாரண இரண்டு ஹெட், சிங்கிள் டெக் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பலாம்.

மோனோ கேசட்டை ஸ்டீரியோ டெக்கில் போட்டால் இரண்டு சேனலிலும் அதே ஒலி வரும், ஆனால் ஒரு பக்கம் டேப் ஓரம் தேய்ந்து விட்டுவிட்டுக் கேட்கலாம். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு சுத்தமாக உள்ள சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வைச் சரி செய்யும்போது மட்டும் இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். கோணம் தப்பினால் உயர்ந்த ஒலி அப்போது சட்டென்று விழுந்துவிடும், காது உடனே கண்டுபிடிக்கும்.

இன்னொன்று, கூத்துக் கேசட்டுக்கே உரியது. ராத்திரி முழுக்கப் பேட்டரியில் ஓடிய செட்டு அது. விடியற்காலை நெருங்க நெருங்க பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறிக் கீச்சிடும். துரியோதனன் சிறுபிள்ளைக் குரலில் பாடுவது இதனால்தான். இதற்கு உங்கள் மாமாவின் ஆர்மோனியம் கைகொடுக்கும். ஆர்மோனியத்தின் சுருதி நிலையானது. அன்றைக்கு வாசித்த பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், அவர் எந்தக் கட்டையில் பாடினார் என்று கேட்டு, அந்தக் கட்டையை அழுத்தி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வேகத்தை இறக்குங்கள். ஒரே கேசட்டுக்குள்ளேயே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேகம் வேறுபடும், அதனால் நாலைந்து இடத்தில் ஒத்துப் பாருங்கள்.

பாலாற்றங்கரை

ஐயா, இது என் மனதில் வரவே இல்லை. அந்த ஆர்மோனியம் இன்னும் இருக்கிறது. மாமா அதைத்தான் வாசிக்கிறார்.

குடியாத்தம்_தறி

டபுள் டெக்கை எல்லாரும் ஒதுக்குகிறீர்களே. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் அம்மன் பாட்டுக் கேசட்டெல்லாம் டபுள் டெக்கில்தான் நகல் எடுப்போம். ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் எடுத்துவிடலாம். தம்பிக்கும் ஊருக்குக் கொடுக்க நிறைய நகல் வேண்டுமே?

காட்பாடி_ஜங்ஷன்

அண்ணா, வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேக டப்பிங்கில், அதாவது டேப்பை வேகமாக ஓட்டி எடுத்த நகலையும் சாதாரண வேகத்தில் எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், மேல்பக்க ஒலியில் வித்தியாசம் தெரியும். கேசட்டிலிருந்து கேசட் எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறும். தம்பியிடம் மூலம் கம்ப்யூட்டரில் இருக்கப் போகிறது. அதிலிருந்து நல்ல டெக்குக்கு நேராக ஒவ்வொன்றாகப் பதிந்தால் எல்லா நகலும் முதல் தலைமுறையாகவே இருக்கும். நேரம் பிடிக்கும், அது உண்மை.

ஆட்டோ ரிவர்ஸ் பற்றி: திசை மாறும்போது பல டெக்குகளில் ஹெட் அப்படியே அரைவட்டம் திரும்பும். அசையும் ஹெட்டில் சாய்வு நாளடைவில் தளர்ந்து, ஒரு திசையில் சரியாகவும் மறுதிசையில் மந்தமாகவும் பதியும். பாட்டுக் கேட்க நல்ல மெஷின், பதிவுக்கு நான் எடுக்க மாட்டேன்.

புதிதாக விற்பதில் என்ன குறை என்றால் மெக்கானிசம். இன்று வரும் டெக்குகளில் வாவ், ஃப்ளட்டர் என்கிற சுருதி அலைவு 0.25 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். 1980களின் கடைசியில் வந்த நல்ல டெக்குகளில் அது 0.05 சுற்றி இருந்தது. ஆர்மோனியத்தில் இழுத்துப் பிடிக்கும் சுரத்தில் இந்த அலைவு அப்பட்டமாகக் கேட்கும். டால்பியும் புதிய டெக்குகளில் வருவதில்லை.

வாலாஜா_வாசகி

டால்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பி வகை சுமார் 10 டெசிபல் இரைச்சலைக் குறைக்கும், சி வகை 20 வரை. 1990 வாக்கில் வந்த எஸ் அதையும் தாண்டும். ஆனால் பதியும்போது போட்டால் கேட்கும்போதும் அதே டால்பி வேண்டும். போளூர்த் திண்ணையில் இருக்கும் செட்டில் அது இருக்குமா? இல்லாத செட்டில் டால்பி சி கேசட் ஓடினால் கேட்கவே முடியாது. கொடுக்கும் கேசட்டுகளுக்கு டால்பியை அணைத்துவிட்டு, டேப் தாங்கும் அளவுக்கு லெவலை ஏற்றிப் பதியுங்கள் தம்பி. டால்பி எஸ் இருக்கிறது என்று யாராவது விலை ஏற்றினால் உங்களுக்கு அதனால் பயனில்லை. ஹெச்எக்ஸ் ப்ரோ என்று முகப்பில் போட்டிருந்தால் அது வேறு விஷயம். அது பதியும்போது மட்டும் பயஸைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும், கேட்கும் செட்டில் எதுவும் தேவையில்லை. கூத்தில் ஊதும் முகவீணை மாதிரிக் கீச்சென்ற வாத்தியத்துக்கு நிஜமாகவே உதவும்.

அப்புறம், அந்தச் சோனி ஜப்பானுக்காகச் செய்தது. 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட் தரும். 100 வோல்ட் டெக்குக்கு அதுவே பத்து சதவீதம் அதிகம், உள்ளே சூடேறும். என்னிடம் உள்ள டெக்குக்கு 100 வோல்ட்டே வரும்படி வாலாஜாவில் ஒரு காயில் கட்டுபவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். கேசட் டெக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், 100 விஏ அளவு தாராளம். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கட்டும். உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் ஏறும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்து யோசியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால் கேசட்டுக்கு அது நல்லதில்லை. சூட்டில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றிலும் லேசாக ஒட்டும். பாட்டு தொடங்கும் முன்பே மெல்லிய எதிரொலி கேட்பது அதனால்தான். பெட்டியைத் தரை அறைக்கு இறக்கி, கேசட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். பீரோவில் ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம்.

ஆம்பூர்_பாய்

அந்த டபுள் டெக் யார் வீட்டில் இருக்கிறது என்று யூகிக்க முடிகிறது, பொருள் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் மேலே சொன்னவர்கள் சொன்னது சரி, பதிவுக்கு அது வேண்டாம்.

சென்னை டெக்கைப் பார்க்கப் போகும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேலான மெஷின் அது. ரப்பர் எல்லாம் அதே வயது. முதலில் ஃபாஸ்ட் ஃபார்வர்டு, ரிவைண்டு இரண்டையும் கேசட்டின் தொடக்கத்திலும் கடைசியிலும் போடுங்கள். முனகினால், நின்று நின்று சுற்றினால் சுருளைச் சுற்ற வைக்கும் ஐட்லர் ரப்பரோ பெல்ட்டோ போயிருக்கிறது. சில பெல்ட்டுகள் உருகித் தாராகி உள்ளே ஒட்டியிருக்கும், அதைத் துடைத்து மாற்றுவது பொறுமை வேண்டிய வேலை. பிறகு ரப்பர் ரோலரைப் பாருங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் டேப்பை மென்று தின்னும். ஹெட்டின் முகத்தில் டேப் ஓடிய பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், நகத்தால் மெல்லத் தடவினால் விளிம்பு தட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் கூடவே எடுத்துப் போங்கள். பல டெக்குகள் ஹெட்டைத் துடைத்தாலே பாதி உயிர் பெறும்.

வேக அலைவுக்கு என் சோதனை சுருதிப் பெட்டி. அதன் ஒலியைப் பதிந்து, உடனே திருப்பி ஓட்டிக்கொண்டே அதே சுருதிப் பெட்டியையும் பக்கத்தில் ஒலிக்க விடுங்கள். இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும். பதிந்த சுருதி நடுங்கினாலோ, கேட்கக் கேட்க விலகிப் போனாலோ காசு கொடுக்காதீர்கள். பாட்டுக் கேசட் போட்டுக் காட்டினால் இது தெரியாது. பதிவும் செய்துதான் பார்க்க வேண்டும். ஓட்டம் நன்றாக இருந்து பதிவு பகுதி செத்துப்போன டெக்குகள் ஏராளம்.

பாலாற்றங்கரை

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன் பாய். ஒரு சந்தேகம்: அந்தச் சோனியில் மைக் செருகும் இடம் இல்லை என்று விற்பவர் சொல்கிறார். எப்படிப் பதிவு செய்வது?

காட்பாடி_ஜங்ஷன்

உயர்ரக டெக்குகள் பலவற்றில் மைக் ஓட்டை இருக்காது, பயப்பட வேண்டாம். ஒரு சின்ன மிக்ஸர் வாங்குங்கள். மைக் அதற்குள், அதன் வெளியீடு டெக்கின் லைன் இன் துளைக்கு. மிக்ஸர் இருந்தால் குரலுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைக்கலாம். ஒரே மைக் என்றால் ஆர்மோனியம் குரலை விழுங்கிவிடும், ஏனென்றால் அதுதான் மைக்குக்குக் கிட்டே இருக்கும்.

லெவலை மாமா மெதுவாகப் பாடும்போது வைக்காதீர்கள். கட்டியங்காரன் வரவோ, துரியோதனன் தர்பார் வரவோ, உச்சத்தில் எழும்பும் ஒரு பாட்டைப் பாடச் சொல்லி அப்போது வையுங்கள். டைப் 1 டேப்பில் உச்சம் பூஜ்யத்தை லேசாகத் தாண்டினால் போதும். முகவீணைக்காரரும் வந்தால் அவர் வாசிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள், மீட்டர் குறைவாகக் காட்டினாலும் அந்தக் கூர்மை டேப்பை நிரப்பிவிடும். மானிட்டரை டேப்பில் வைத்தே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

வாலாஜா_வாசகி

கேசட் 60 நிமிடமா 90 நிமிடமா என்று கடையில் கேட்பார்கள். 60 எடுங்கள். 90இல் டேப் மெல்லியது, ஊரில் உள்ள பழைய செட்டுகளில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பதிந்து முடித்ததும் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டுக் கொடுங்கள். யாராவது பேரப்பிள்ளை தெரியாமல் அதன்மேல் பதிந்துவிடக் கூடாது.

ஆரணி_ரெக்கார்டிங்

தம்பி, பழைய கேசட் ஓட்டுவதற்கு என்னிடம் ஒரு இரண்டு ஹெட் சிங்கிள் டெக் சும்மா கிடக்கிறது. பெல்ட் மாற்றி வைத்திருக்கிறேன், ஹெட் ஸ்க்ரூ கேசட் கதவு வழியாகவே கைக்கு எட்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழும் உண்டு, பேட்டரி இறங்கிய கேசட்டுக்கு உதவும். கூத்துப் பாட்டுக்காக என்றால் காசு வேண்டாம். வந்து எடுத்துப் போங்கள். மாமா பாடியதில் ஒரு நகல் எனக்குக் கொடுத்தால் போதும்.

பாலாற்றங்கரை

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டாயம் முதல் நகல் உங்களுக்குத்தான். அப்படியானால் முடிவு இது: பதிவுக்குச் சோனி மூன்று ஹெட், சோதனையில் தேறினால் மட்டும். பழைய கேசட்டுக்கு ஐயாவின் டெக். மிச்சக் காசில் மிக்ஸர், இரண்டு மைக், 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஞாயிற்றுக்கிழமை சென்னை போகிறேன். சோதனைக்கு மாமா பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போகட்டுமா?

காட்பாடி_ஜங்ஷன்

வேண்டாம் தம்பி. முன்பின் தெரியாத மெஷினில் அந்தப் பெட்டியில் உள்ள எதையும் போடாதீர்கள், அவற்றுக்கு வேறு நகல் கிடையாது. கடையில் விற்கும் பழைய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றும், பதிந்து பார்க்க வெறும் கேசட் ஒன்றும் போதும். அந்த வெறும் கேசட்டும் மாமாவுக்குப் பதியப்போகும் அதே கம்பெனி டேப்பாக இருக்கட்டும். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் நானும் வருகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் அதற்குள் தயாராகவில்லை என்றால் என்னுடையதை எடுத்து வருகிறேன், சரியாக 100 வோல்ட் தருவது.